வெள்ளைக்கல் தோடு

ஆடி மாதம். கேரளத்தார் அதனைக் கர்க்கடகம் என்பர். கொச்சி நகரின் கலூர்ப் பகுதியில் மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. பேருந்து நிலையத்திற்கு அருகில் இருந்த ஓர் அடகுக்கடையின் வாயிலில், குடையை மடக்கியவாறு ஒரு தாயும் மகளும் ஏறி நின்றனர். திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து வந்து கலூரில் குடியேறிய குடும்பம் அது. குடும்பத் தலைவர் கட்டடப் பணிகளில் மேற்பார்வையாளர். மழைக்காலத்தில் கட்டட வேலை குறையும். வேலை குறைந்தால் வருவாயும் குறையும். அவ்வாண்டு மூத்த மகனின் கல்லூரிக் கட்டணமும் வீட்டு வாடகையும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. ஆகவே, தாய் தம் காதிலிருந்த தோடுகளைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்திருந்தார். காதுத்துளை தூர்ந்துவிடாதிருக்க, தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சியைச் செருகியிருந்தார்.

அவை ஏழு கல் தோடுகள். நடுவில் ஒரு கல்லும் அதனைச் சுற்றி ஆறு கற்களும் பதித்து மலர்போல் அமைக்கப்பட்டவை. திருமணத்தன்று மாமியார் தம் கையால் அணிவித்தவை. பதினெட்டு ஆண்டுகளாக உறவினர் அனைவரும் அவற்றை வைரத்தோடு என்றே சொல்லி வந்தனர். வீட்டில் வேறு எந்த நகையை விற்க நேர்ந்தபோதும் தாய் அவற்றை மட்டும் தொட்டதில்லை.

கடையின் மதிப்பீட்டாளர் முதியவர். மலையாளம் கலந்த தமிழில் பேசினார். தோட்டின் பின்புறத்தை உரைகல்லில் தேய்த்து, அமிலத்துளி இட்டுப் பார்த்தார். தங்கம் தேறியது. பின்னர் எழுதுகோல் போன்ற ஒரு கருவியை எடுத்து, அதன் நுனியை ஒவ்வொரு கல்லின்மீதும் வைத்தார். பதினான்கு கற்களுக்கும் பதினான்கு முறை. கருவியின் விளக்கு எரியவே இல்லை.

"அம்மா, தங்கம் நல்ல தங்கம். கல் வைரம் அன்று, அமெரிக்கன் டைமண்ட். கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்திற்கு மட்டுமே பணம் தர இயலும்" என்றார். அவர் குரலில் இகழ்ச்சி இல்லை. நாள்தோறும் பலரிடம் சொல்லிப் பழகிய சொற்கள் அவை.

தாய் ஒன்றும் கேட்கவில்லை. கிடைத்த பணத்தை எண்ணி வாங்கினார். சீட்டைப் பைக்குள் வைத்தார். கல்லூரிக் கட்டணத்திற்கு அப்பணம் போதும், வாடகைக்குப் போதாது. சாலையில் இறங்கிய பின் மகளிடம், "அப்பாவிடம் இப்போது சொல்லாதே" என்றார். சிறிது தொலைவு நடந்ததும், "அத்தை என்னை ஏமாற்றிவிட்டார்களா?" என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார்.

மகள் எட்டாம் வகுப்பு மாணவி. அன்றிரவு அவளுக்கு உறக்கம் வரவில்லை. சென்ற ஆண்டு பள்ளியில் தன் தோழியிடம், "என் அம்மாவின் தோடு வைரத்தோடு" என்று அவளும் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அறியாமல் சொன்னதும் பொய்யாகுமா என்பது அவளுடைய கவலை. அப்பாயி பொய் சொல்லக்கூடியவர் அல்லர் என்பது அவளுடைய நம்பிக்கை. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் பள்ளி நூலகத்திற்குச் சென்று, அந்தக் கல் உண்மையில் எது என்று தேடத் தொடங்கினாள்.

அமெரிக்கன் டைமண்ட் என்னும் பெயரில் இரண்டு சொற்கள் உள்ளன. வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே உண்மையல்ல. அக்கல் அமெரிக்காவில் முதன்முதலில் உருவாக்கப்பட்டதன்று; அது டைமண்டும் அன்று. அறிவியலார் அதனைக் கனசதுரச் சிர்க்கோனியா என்பர். சிர்க்கோனியம் என்னும் உலோகமும் ஆக்சிசனும் சேர்ந்த ஆக்சைடு அது. வைரமோ கார்பன் என்னும் ஒரே தனிமத்தால் ஆனது. பென்சிலின் உள்ளே இருக்கும் கிராஃபைட்டும் கார்பனே. அணுக்கள் அடுக்கப்பட்ட முறை வேறாதலால் ஒன்று தாளில் கருப்பாகத் தேய்கிறது. மற்றொன்று எதனாலும் எளிதில் தேயாமல் ஒளிர்கிறது. இவ்வாறு பார்த்தால், வைரத்திற்கு உறவு பென்சில். அமெரிக்கன் டைமண்டிற்கும் வைரத்திற்கும் உறவே இல்லை.

சிர்க்கோனியத்தின் வரலாறு தமிழர் நன்கறிந்த ஒரு தீவில் தொடங்குகிறது. 1789-ஆம் ஆண்டில் மார்ட்டின் கிளாப்ரோத் என்னும் செருமானிய வேதியியலார், இலங்கையிலிருந்து வந்த சிர்க்கான் என்னும் மணிக்கல்லை ஆராய்ந்து, அதில் அதுவரை அறியப்படாத ஓர் ஆக்சைடு இருப்பதைக் கண்டார். அவ்வாக்சைடே சிர்க்கோனியா. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், 1892-இல், இலங்கையின் இறக்குவானைப் பகுதியில் சிர்க்கோனியா ஒரு கனிமமாகவே கண்டெடுக்கப்பட்டது. அங்கு இருப்புப்பாதைப் பணியில் இருந்த ஜோசப் பேட்லி என்பவரின் பெயரால் அதனைப் பேட்லியைட் என்கின்றனர். சிர்க்கானும் சிர்க்கோனியாவும் ஒன்றல்ல. சிர்க்கானில் சிலிக்கானும் கலந்திருக்கும். அது இயற்கை மணிக்கல். ஆயினும் அதுவும் வைரத்தின் இடத்தில் நின்று பார்த்ததுண்டு. தென்னிலங்கையின் மாத்தறைப் பகுதியில் கிடைத்த நிறமற்ற சிர்க்கான் கற்கள் மாத்தறை வைரம் என்னும் பெயரில் விற்கப்பட்டன. வைரத்தை வாங்க இயலாதவர்க்கு வைரம்போன்ற ஒன்று வேண்டும் என்னும் விருப்பம் அன்றும் இருந்தது.

சிர்க்கானைக் காண இலங்கைக்குத்தான் செல்லவேண்டும் என்பதில்லை. கொச்சியிலிருந்து தெற்கே கடற்கரையை ஒட்டிச் சென்றால், கொல்லத்திற்குச் சற்று வடக்கே சவறா என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கருமணலில் இல்மனைட், ரூட்டைல் முதலிய கனிமங்களோடு சிர்க்கானும் கலந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் இத்தகைய மணலே. இவ்விரு ஊர்களிலும் மணலிலிருந்து கனிமங்களைப் பிரித்தெடுக்கும் பொதுத்துறை ஆலைகள் இயங்குகின்றன. விடுமுறைக்கு ஊர் செல்லும் குழந்தைகள் கால்புதைய விளையாடும் கடற்கரை மணலில் சிர்க்கோனியம் கிடக்கிறது என்பது அச்சிறுமிக்கு வியப்பாக இருந்தது.

ஆனால் மணலில் கிடப்பதை ஒளிரும் படிகமாக்குவது எளிதாக இருக்கவில்லை. சிர்க்கோனியா உருகுவதற்கு ஏறத்தாழ 2,750 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். இரும்பு 1,538 பாகையிலேயே உருகிவிடும். பிளாட்டினம் 1,768 பாகையில் உருகும். அப்படியாயின், எந்தக் கலத்தில் இட்டு இதனை உருக்குவது? பானை உருகிவிட்டால் உள்ளிருப்பது எங்கே நிற்கும்? இந்த இடர்ப்பாட்டை நீக்கும் முறையை 1970-களின் தொடக்கத்தில் செம்மைப்படுத்தியவர்கள், மாஸ்கோவிலிருந்த லெபெதேவ் இயற்பியல் நிறுவனத்து அறிஞர்கள். நீர் ஓடிக் குளிர்விக்கும் செப்புக் குழாய்களை வட்டமாக நிறுத்தி, அவற்றின் நடுவே சிர்க்கோனியாத் தூளை நிரப்பினர். உயர் அதிர்வெண் கொண்ட மின்காந்த ஆற்றலால் நடுப்பகுதியைச் சூடாக்கினர். நடுவிலிருந்த தூள் உருகியது; குளிர்ந்த குழாய்களை ஒட்டியிருந்த தூள் உருகாமல் ஓடுபோல் இறுகி நின்றது. தூளே தனக்குப் பானையாயிற்று. உருகியதை மெல்ல மெல்ல ஆறவிட்டபோது தூண் தூணாகப் படிகங்கள் வளர்ந்தன. சிறிதளவு இற்றியம் ஆக்சைடு அல்லது கால்சியம் ஆக்சைடு சேர்த்தால்தான் ஆறிய பின்னும் கனசதுர வடிவம் கலையாமல் நிற்கும். 1976 முதல் இக்கல் வணிகத்திற்காகப் பெருமளவில் செய்யப்பட்டது. உருசியர் தம் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கத்தைக்கொண்டு அதனை ஃபியானிட் என்றனர். இந்தியக் கடைத்தெருவிலோ அதற்கு அமெரிக்கன் டைமண்ட் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. கடைக்காரர்கள் சுருக்கமாக ஏ.டி. கல் என்பர்.

இக்கல் ஒன்றில் வைரத்தையே மிஞ்சுகிறது. வெள்ளொளியை வானவில் நிறங்களாகப் பிரிக்கும் திறன் வைரத்திற்கு 0.044 என்றால், இதற்கு ஏறத்தாழ 0.060. எனவே விளக்கொளியில் அசைந்தால் சிவப்பும் நீலமும் பச்சையும் வைரத்தைவிட மிகுதியாகத் தெறிக்கும். திருமண மண்டபத்தில் தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் இக்கல்லின் வண்ணமே. ஒளியை வளைக்கும் திறனில் மட்டும் இது பின்தங்கும்: வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, இதற்கு 2.15 முதல் 2.18 வரை. பழகிய கண்கள், நிறம் அளவுக்கு மீறித் தெறிப்பதைக் கண்டே ஐயுறும்.

மற்ற வேறுபாடுகள் கைக்குத் தெரியும். வைரத்தின் அடர்த்தி 3.5, சிர்க்கோனியாவின் அடர்த்தி 5.6 முதல் 6 வரை. ஆகவே ஒரே அளவுள்ள இரு கற்களில் போலியே கனமானது. வைரத்தின் கடினம் மோ அளவுகோலில் 10. இதற்கு 8 முதல் 8.5 வரை. தெருப்புழுதியில் கலந்துள்ள குவார்ட்சின் கடினம் 7. ஆதலால் சிர்க்கோனியாவில் எளிதில் கீறல் விழாது. ஆயினும் பல்லாண்டு அணிந்தால் பட்டைகளின் விளிம்புகள் மெல்ல மழுங்கும். வெப்பத்தைக் கடத்துவதில்தான் இரண்டிற்கும் மலைக்கும் மடுவிற்கும் உள்ள வேறுபாடு. வைரம் வெப்பத்தை நொடியில் கடத்திவிடும், சிர்க்கோனியா கடத்தாது. அடகுக்கடையில் இருந்த எழுதுகோல் கருவி இதனையே சோதித்தது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. மாய்சனைட் என்னும் மற்றொரு செயற்கைக் கல் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் அக்கருவியை ஏமாற்றிவிடும். ஆய்வகத்தில் வளர்க்கும் வைரத்தின் செய்தி வேறு. அது ஏமாற்று அன்று. அதுவும் கார்பன்தான், அதுவும் வைரம்தான், பிறந்த இடம் மட்டுமே வேறு. இத்தகைய வைரங்களைப் பற்றி ஆராய்வதற்கென 2023-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு நடுவண் அரசு நிதி ஒதுக்கியது. சூரத்து நகரில் அவ்வைரங்கள் பெருமளவில் வளர்க்கப்படுகின்றன.

விலையைச் சொன்னால் இக்கல் பரவியதன் காரணம் எளிதில் விளங்கும். சுரங்கத்து நல்வைரம் ஒரு காரட் எடைக்கே இலட்சக்கணக்கான உரூபாய் ஆகலாம். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. தங்கத்தில் சொல்லப்படும் 22 காரட் என்பது எடையன்று, தூய்மை, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. அதே அளவுள்ள சிர்க்கோனியாக் கல் சில நூறு உரூபாய்க்குள் கிடைத்துவிடும். வட்டிக்குக் கடன் வாங்காமல் மகளின் காதில் ஏழு கல் ஒளிரவேண்டும் என்று விரும்பும் பெற்றோருக்கு அது சிறிய உதவியன்று. வைரத்தோடு போட்டால்தான் திருமணம் என்று கேட்கும் வழக்கமே இழிவானது என்பது வேறு செய்தி.

போலிக்கல் இக்காலத்து வஞ்சகம் என்று பலர் கருதுவர். அதன் வயது அதிகம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் செலவு நூல், முசிறித் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய பொருள்களில் மிளகு, முத்து, தந்தம் ஆகியவற்றோடு வைரத்தையும் குறிப்பிடுகிறது. அம்முசிறி, கலூரிலிருந்து வெகுதொலைவில் இல்லை. கொச்சிக்கு வடக்கே பறவூருக்கு அருகிலுள்ள பட்டணம் என்னும் ஊரே அது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 2007 முதல் அங்கு நடைபெற்ற அகழாய்வுகளில் மணிகளும் மணிக்கற்களும் கிடைத்தன. அதே நூற்றாண்டில் உரோம அறிஞர் பிளினி, இந்தியர் பளிங்கிற்கு நிறமேற்றி விலையுயர்ந்த கற்களைப்போல் செய்யவல்லவர் என்று எழுதினார். உண்மைக்கல்லும் போலிக்கல்லும் ஒரே காலத்தில் ஒரே நாட்டின் பெயரால் உரோம் வரை புகழ்பெற்றிருந்தன. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் மணிக்கற்களை அறுத்துத் துளையிட்ட பட்டறைகளின் தடயங்கள் அகழாய்வில் வெளிப்பட்டுள்ளன. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரையின் மணிக்கடைத் தெருவைப் பாடுமிடத்தில், வைரத்தில் இருக்கலாகாத குற்றங்களையும் எடுத்துரைக்கிறது. குற்றம் அறிந்து வாங்குவோர் அன்றே இருந்தனர் என்பது அதனால் தெரிகிறது.

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் போலி நகைக்குத் தனிப் பெயர்கள் உண்டு. செம்பின்மீது பொன்முலாம் பூசியதைக் கவரிங் என்பர். சிதம்பரம் கவரிங் என்று ஊர்ப்பெயரோடு சேர்த்தே சொல்வர். நாகர்கோவில் வடசேரியில் கெம்புக் கற்கள் பதித்துச் செய்யும் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. பரதநாட்டியம் ஆடும் பெண்கள் அணியும் நகைகள் பெரும்பாலும் இவ்வகையின. காதிலும் மூக்கிலும் வைரமல்லாத வெண்மையான கல் பதித்தால் அதற்கு வெள்ளைக்கல் என்று பெயர். வெள்ளைக்கல் தோடு, வெள்ளைக்கல் மூக்குத்தி என்று சொல்லி வாங்கும்போது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் ஒளிவுமறைவு இல்லை. அச்சிறுமியின் வீட்டில் நேர்ந்த குழப்பத்திற்குக் கல் காரணமன்று. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் வெள்ளைக்கல் என்னும் சொல்லைச் சொல்லாமல் விட்டதே காரணம்.

அந்த ஒருவர் யார் என்பது ஓணம் விடுமுறையில் தெரிந்தது. ஊரிலிருந்து அப்பாயி வந்திருந்தார். வந்த அன்றே மருமகளின் காதைப் பார்த்துவிட்டார். இரவு உணவு முடிந்து, மகன் உறங்கச் சென்ற பின், "தோடு எங்கே, தாயி?" என்று கேட்டார். மருமகள் அடகுச் சீட்டை எடுத்துக் காட்டினார். அதில் கல்லின் எடை தனியே கழிக்கப்பட்டிருந்தது. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் மருமகளின் முகத்தைப் படிக்கத் தெரியும்.

"உன் மாமா அதை வைரம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தரகர்தான் உன் வீட்டாரிடம் வைரத்தோடு என்று சொல்லிவிட்டார். உன் அப்பாவும் அம்மாவும் மகிழ்ந்துபோனார்கள். அப்போது நாங்கள் வாய் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. அது எங்கள் தவறுதான்" என்றார்.

"சொல்லியிருந்தால் நான் வேண்டா என்றிருக்கமாட்டேன், அத்தை."

"அன்றைக்கு உன்னை எங்களுக்குத் தெரியாதே, தாயி."

அதன்பின் அப்பாயி சொன்னவற்றை அச்சிறுமி மடியில் தலைவைத்துக் கேட்டாள். தாத்தாவை அவள் நேரில் கண்டதில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே காலமானவர். அவர் கட்டட வேலைக்காரர் என்றே அவள் எண்ணியிருந்தாள். தாத்தா கல் தீட்டுபவர்.

திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்களின் சிற்றூர்கள் பலவற்றில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது ஒரு காலத்தில் வீட்டுத் தொழிலாக இருந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் நிலத்தை நம்பியிருந்தோர்க்கு இத்தொழில் கைகொடுத்தது. ஆண்களும் பெண்களும் திண்ணையிலும் கொட்டகையிலும் அமர்ந்து வேலை செய்தனர். வணிகர் மூலக்கல்லைக் கொண்டுவந்து தருவார். தீட்டி முடித்த கற்களை எண்ணிப் பார்த்துக் கூலி தருவார். நாள்கூலி இல்லை; கல்லுக்கு இவ்வளவு என்பதே கணக்கு. உடைந்த கல்லுக்குக் கூலி கிடையாது.

கடுகினும் சற்றுப் பெரிய ஒரு கல்லைப் பட்டை தீட்டுவது எவ்வாறு? முதலில் அதனை உருட்டி வடிவாக்குவர். அரக்கை இளக்கி, ஒரு குச்சியின் நுனியில் கல்லை ஒட்டுவர். சுழலும் தட்டில், குறித்த கோணத்தில் கல்லைச் சாய்த்துப் பிடிப்பர். ஒரு முகம் தேய்ந்ததும் குச்சியைச் சிறிது திருப்பி அடுத்த முகம். வட்ட வடிவில் முழுமையாகத் தீட்டிய கல்லுக்கு மேற்புறத்தில் 33 முகங்களும் கீழ்ப்புறத்தில் 24 முகங்களுமாக 57 முகங்கள் இருக்கும். மேற்புறம் முடிந்ததும் அரக்கிலிருந்து பெயர்த்துத் திருப்பி ஒட்டிக் கீழ்ப்புறத்தைத் தொடங்கவேண்டும். கீழ்ப்புறத்தின் கோணம் பிழைத்தால் உள்ளே புகுந்த ஒளி திரும்பி மேலே வராது; அடிவழியே கசிந்துபோகும். அப்போது கல்லின் நடுவில் இருள் தெரியும். வைரத்திற்கும் இதே விதிதான். தீட்டுபவரின் கைக்கு, கீழே இருப்பது இலட்ச உரூபாய்க் கல்லா, பத்து உரூபாய்க் கல்லா என்னும் வேறுபாடு இல்லை. இத்தகைய கற்களைத் தேய்க்க வைரத்தூளையே பயன்படுத்துவதும் உண்டு. போலியை ஒளிரச் செய்யவும் உண்மையான வைரமே வரவேண்டியிருக்கிறது.

"மகனுக்குப் பெண் பார்த்தபோது கையில் பணம் இல்லை. தங்கம் மட்டும் எப்படியோ சேர்த்துவிட்டோம். கல்லுக்கு வழியில்லை. நல்ல மூலக்கல்லாகத் தம் கூலியில் வாங்கினார். பகலெல்லாம் வணிகருக்குத் தீட்டுவார்; இரவில் இதற்கு உட்காருவார். பதினான்கு கல் போதும்; முப்பதுக்குமேல் தீட்டினார். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகும் பதினான்கை மட்டும் பொறுக்கினார். மீதியைக் கிணற்றில் போட்டுவிட்டார்" என்றார் அப்பாயி.

"ஏன் கிணற்றில் போட்டார், அப்பாயி?"

"விற்றால் கூலி கிடைத்திருக்கும். நானும் அன்றைக்கு அதைத்தான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை."

பின்னர் இயந்திரங்கள் வந்தன. சீனாவின் தென்பகுதியிலுள்ள வூசோ நகரம் செயற்கை மணிக்கற்களுக்கு உலகச் சந்தையாயிற்று. அங்கு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் பல கற்களை, ஒரே அளவில், பிழையின்றித் தீட்டித் தள்ளின. திருச்சிராப்பள்ளிச் சிற்றூரில் ஒருவர் திண்ணையில் அமர்ந்து ஒரு கல்லுக்குக் கேட்ட கூலியில், தீட்டி முடித்த கல்லே கடைக்கு வந்து சேர்ந்தது. வணிகர் மூலக்கல் கொண்டுவருவது குறைந்தது, பின்னர் நின்றது. அத்தொழிலைக் கற்றவர்கள் வேறு வேலை தேடினர். சிலர் பின்னலாடை ஆலைகளுக்குச் சென்றனர். சிலர் கட்டட வேலைக்குச் சென்றனர். அச்சிறுமியின் தந்தை பள்ளிப் படிப்பை முடித்ததும் கல் தீட்டக் கற்கத் தொடங்கியவர். தொழில் நின்றதால் கொச்சிக்கு வந்தார். கலூரில் அவர்கள் குடியிருப்பதன் காரணத்தை அவள் அன்றுதான் முழுமையாக அறிந்தாள்.

மறுநாள் காலையில் தாய் தம் கணவரிடம் அடகு வைத்ததைச் சொன்னார். கல்லைப் பற்றியும் சொன்னார். அவர் சிரித்தார். "அது அப்பா தீட்டிய கல் என்று உனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்திருந்தேன்! வைரம் வாங்க எங்களிடம் அன்று ஏது பணம்?" என்றார். பதினெட்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும் இருவரும் இதனைப் பேசியதே இல்லை. தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. தம் பெற்றோர் அந்த ஒரு சொல்லை நம்பித் தம் பங்கிற்குக் கடன்பட்டுச் சீர் செய்ததை அவர் மறக்கவில்லை. அக்கடனைத் தீர்க்க அவருடைய தந்தைக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அதனை அவர் மாமியாரிடமும் சொன்னார். அப்பாயி தலைகுனிந்து கேட்டார், மறுமொழி கூறவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் சம்பந்தியின் வீட்டிற்குச் சென்று, நடந்ததைத் தம் வாயாலேயே சொல்லிவிட்டுப் போனார்.

தை மாதத்தில் தோடு மீட்கப்பட்டது. சீட்டையும் பணத்தையும் பெற்றுக்கொண்ட மதிப்பீட்டாளர், தோட்டைத் திருப்பித் தருவதற்கு முன் உருப்பெருக்கியால் ஒருமுறை பார்த்தார். "இது கையால் தீட்டியது. இப்போது இப்படி வருவதில்லை" என்றார். சிறுமி அவரிடம் உருப்பெருக்கியைக் கேட்டு வாங்கி, நடுக்கல்லின் முகங்களை எண்ணத் தொடங்கினாள். இருபதைக் கடந்ததும் எண்ணிக்கை தவறியது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். கடையில் அடுத்து நின்றவர் பொறுமையிழந்ததால் பாதியில் விட்டுவிட்டாள். வீட்டிற்கு வந்ததும் தாய் மென்மையான பல்துலக்கியும் சவர்க்கார நீரும் கொண்டு கற்களின் இடுக்கில் படிந்திருந்த எண்ணெயை நீக்கினார்.

பங்குனியில் மட்டாஞ்சேரியில் ஒரு திருமணம். பல தலைமுறைகளுக்கு முன்பே கொச்சியில் குடியேறிய தமிழ்க் குடும்பம் அது. பந்தியில் அருகே அமர்ந்திருந்த மலையாளப் பெண்மணி ஒருவர் தாயின் காதைப் பலமுறை உற்றுப் பார்த்தார். இறுதியில், "வைரமா?" என்று கேட்டுவிட்டார். சிறுமி தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லை, வெள்ளைக்கல். என் மாமனார் தீட்டியது" என்றார் தாய்.

அப்பெண்மணி மேலும் நெருங்கி வந்து பார்த்தார். தம் மகளுக்கும் வரும் மேடத்தில் திருமணம் என்றும், இதுபோன்ற கற்கள் வேண்டும் என்றும், எங்கே சென்றால் வாங்கலாம் என்றும் கேட்டார். கடைகளில் ஏ.டி. கல் எங்கும் கிடைக்கும் என்றார் தாய். "அது எனக்குத் தெரியும். இதுபோன்றது எங்கே கிடைக்கும்?" என்று அவர் மீண்டும் கேட்டார். திண்ணையில் அரக்குக் குச்சியுடன் அமர்ந்திருந்தவரின் வீடு இப்போது பூட்டப்பட்டிருக்கும் நாள்களே மிகுதி. சுழல்தட்டு பரணில் கிடக்கிறது. தாய் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, தமக்குத் தெரியாது என்று சொன்னார்.